நாலாம் கலவைக்குத் தண்ணி காட்டாதே

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அறுந்து போவதற்கு முன்னால் அது வெளுக்கிறது. நான் இங்கே வேலைக்கு வந்து முதலில் கவனித்தது அதைத்தான்.

நீ என்னோடு பேச மாட்டேன் என்று சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய். படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெளுப்பது ஒரு பிளாஸ்டிக் துண்டு. என் உள்ளங்கை நீளம் இருக்கும். இரண்டு முனையும் அகலம், நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். பார்த்தால் நாய்க்குப் போடும் எலும்பு மாதிரி இருப்பதால் எல்லோரும் அதை எலும்பு என்றே சொல்கிறார்கள். அதை மெஷினின் இரண்டு தாடைக்கு நடுவில் மாட்டினால் மேல் தாடை மெதுவாக மேலே போகும். எலும்பு நீளும். இடுப்பில் ஓர் இடம் மட்டும் பால் கலந்தது போல வெளுக்கும். அடுத்த நிமிடம் டக். எவ்வளவு பலம் தாங்கியது என்று மெஷின் ஒரு எண் காட்டும். அதைக் குறித்துக்கொண்டு அடுத்த எலும்பை மாட்ட வேண்டும். இதுதான் என் வேலை. எனக்குப் பிடித்திருக்கிறது. எலும்புகள் கேள்வி கேட்பதில்லை.

இது சாதாரண பிளாஸ்டிக் இல்லை அக்கா. மண்ணில் போட்டால் மக்கிவிடும். ஒரு வகை கண்ணாடி மாதிரி கெட்டி, பட்டென்று உடையும். இன்னொரு வகை ரப்பர் மாதிரி இழுபடும், நிமிர்ந்து நிற்காது. தனித்தனியாக இரண்டுமே உதவாதாம். அதனால் இரண்டையும் மாவோடு சேர்த்து உருக்கிக் கலக்கிறார்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து கலவை இருக்கிறது. செடி வளர்க்கும் தொட்டி செய்ய நர்சரிக்காரர்கள் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். தொட்டியோடு நட்டுவிடலாம், வேர் வெளியே வருவதற்குள் தொட்டி மக்கிவிடும்.

கலப்பவரைக் கலவைக்காரர் என்கிறார்கள். அவர் மனிதர்களோடு பேசி நான் பார்த்ததில்லை. மெஷினோடு பேசுவார். "இன்னைக்கு என்ன உனக்கு மூஞ்சி தூக்கல்?" என்று அதைக் கேட்பார். நாலாம் கலவை அவருடைய செல்லம். அதில்தான் மாவு அதிகம், சீக்கிரம் மக்கும். மற்ற கலவைகள் மெஷினிலிருந்து ஷூ லேஸ் மாதிரி சூடாக வந்து தண்ணீர்த் தொட்டியில் இறங்கி ஆறும். நாலாம் கலவை மட்டும் தண்ணீரில் இறங்காது. ஓடும் ஒரு பட்டையில் படுத்தபடி ஆறு விசிறிக்குக் கீழே ராஜா மாதிரி போகும். ஏன் என்று கேட்கவில்லை. நான் எங்கே கேட்கப் போகிறேன்.

அம்மா நலம். நீ இல்லாமல் வீட்டில் சண்டை போட ஆளில்லை என்கிறாள்.

உன்,
ஊமைக்கோட்டான்

(நீ வைத்த பேர்தான். வேறு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை.)

*

ஜூன் 10

ஊமைக்கோட்டானுக்கு,

பேச மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். எழுதுறது பேச்சில சேராதுன்னு நீயே தீர்ப்பு சொல்லிட்ட, அதனால எழுதுறேன். ஆனா எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும். கோபமும் அப்படியேதான் இருக்கு, அதையும் சேர்த்துப் படிச்சுக்க.

என்னடி வேலை இது? வீட்டுல ஒரு டம்ளர் உடைச்சா அம்மா ஊரைக் கூட்டுவா. அங்க உடைக்கிறதுக்குன்னே ஆள் வச்சிருக்காங்களா? நல்ல எடத்துக்குத்தான் நல்ல ஆள் போய்ச் சேர்ந்திருக்கு.

இங்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. துவைக்கிறது மெஷின், மடிக்கிறது நாங்க. பெரிய டாக்டர் ஒருத்தர் கோட்டுக்குக் கஞ்சி போட்டே ஆகணும்பார். கஞ்சி போட்டு இஸ்திரி போட்டுக் குடுத்தா கோட்டு தானா எழுந்து நடந்து வார்டுக்குப் போயிரும், அவர் வரவே வேண்டாம்.

நான் ஒண்ணு கேக்குறேன், அதுக்கு மட்டும் பதில் எழுது. மூணு வாரம். யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுல போய் உட்கார்ந்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்க. ஒரு ஈ காக்காகிட்ட சொல்லல. அதோட படிப்பையும் விட்டுட்ட. இவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துக்கே தண்ணி காட்டினவ நீ. ஏன்டி? உனக்குப் படிப்பு வரலைன்னா ஒத்துக்குவேன். நீ எழுதுன லெட்டரைப் பார்த்தா அப்படித் தெரியலையே. என்கூட மடிக்கிறவ வாங்கிப் படிச்சுட்டு, "உன் தங்கச்சி காலேஜா?"ன்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?

அந்த வேலைக்காவது தண்ணி காட்டாம ஒழுங்காப் போ.

அக்கா

*

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில்.

பாடத்தை எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். நின்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒரு வரி கூட வரவில்லை. பின்னால் ஒருத்தி, "வால்யூம் பட்டன் எங்கடி இருக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளும் அதே பாடத்தை என்னையே படிக்கச் சொன்னார்கள். அதற்கு மறுநாள் நான் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான். சொன்னால் நீ பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போடுவாய் என்று பயம். அதனால் சொல்லவில்லை.

இங்கே அந்தத் தொல்லை இல்லை. மெஷின் காட்டும் எண்ணை அடுத்த மேசையில் இருக்கும் மேடத்திடம் உரக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. எனக்கு வரவில்லை. ஒரு சின்னச் சீட்டுப் புத்தகத்தில் எழுதிக் கிழித்து அவர் முன்னால் வைத்தேன். மேடம் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன் கையெழுத்து உன்னைவிடச் சத்தமாப் பேசுதே. சரி, இப்படியே குடு" என்றார். நான் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. கலவைக்காரர் முதன்முதலாக என்னோடு பேசினார். நாலாம் கலவையில் வார்த்த எலும்புகளை ஒரு தட்டில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மொத்தம் இருபத்தைந்து. அதில் ஐந்தைத் தனியே ஒரு பையில் போட்டு மூடி, கையிருப்பு என்று அலமாரியில் வைத்தார். மீதி இருபதும் வெள்ளிக்கிழமை சோதனைக்கு. போகும்போது திரும்பிப் பார்த்து, "இந்தாம்மா, நாலாம் கலவைக்கு மட்டும் தண்ணி காட்டிடாதே" என்றார்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. நீ லெட்டரில் எழுதிய அதே வார்த்தை. பள்ளிக்கூடத்துக்கு நான் தண்ணி காட்டியது இவருக்கு எப்படித் தெரிந்தது? அம்மா யாரிடமாவது சொல்லியிருப்பாளோ? நான் வேலையில் ஏய்ப்பவள் என்று நினைத்துத்தானே மற்ற கலவைக்குச் சொல்லாமல் தன் செல்லத்துக்கு மட்டும் சொல்கிறார்?

அதனால் நான் ஒரு முடிவு செய்தேன். எந்தக் கலவைக்கும் பார்க்காத வேலையை நாலாம் கலவைக்குப் பார்க்கிறேன். மற்ற எலும்புகளை உலர்ந்த துணியால் துடைத்து நம்பர் எழுதுவேன், அவ்வளவுதான். நாலாம் கலவை தொட்டால் மாவு படிந்த மாதிரி லேசாகச் சொரசொரத்தது. இப்படியே மாட்டினால் அசிரத்தை என்பார். வெளியிலிருந்து எது வந்தாலும் கழுவாமல் உள்ளே சேர்க்காதே என்று நீதானே சொல்வாய். இன்று காலையில் இருபதையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். சாப்பிட்டு வந்து, ஒவ்வொன்றையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, துடைத்து, விசிறிக் காற்றில் அடுக்கி வைத்திருக்கிறேன். மேடம் இரண்டு நாள் வெளியே போயிருப்பதால் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்.

தண்ணி காட்டுபவள் இப்படிச் செய்வாளா, நீயே சொல்.

உன்,
ஊமைக்கோட்டான்

*

ஜூன் 21

அக்கா,

உன் பதில் வருவதற்கு முன்னாலேயே எழுதுகிறேன். மனசு சரியில்லை.

நேற்று நாலாம் கலவையைச் சோதித்தோம். குறைந்தது இருபத்திரண்டு வரும் என்று கலவைக்காரர் சொல்லியிருந்தார். தொட்டிக்குப் பதினெட்டு இருந்தால் போதும். முதல் எலும்பு பதினொன்றில் போய்விட்டது. இரண்டாவது பத்து. மூன்றாவது பன்னிரண்டு. இருபதும் அப்படியே. ஒன்று கூட வெளுக்கவில்லை அக்கா. வெளுக்காமலே, காய்ந்த குச்சி மாதிரி மளுக்கென்று போனது. நான் எழுதி வைத்த சீட்டுகளை மேடம் திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்த்தார்.

கலவைக்காரர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த துண்டு இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மத்தியானம் அவருடைய டிபன் பாக்ஸ் திறக்காமலே இருந்தது. மெஷினோடு கூட அவர் பேசவில்லை. இரண்டு வருஷமாக இந்த ஒரு கலவைக்காக மாவின் அளவைக் கூட்டிக் குறைத்துக் கூட்டிக் குறைத்துப் பார்த்திருக்கிறாராம்.

வரும் 30-ஆம் தேதி, திங்கள்கிழமை, நர்சரிக்காரர்கள் வருகிறார்கள். அன்றைக்குப் பட்டியலிலிருந்து நாலாம் கலவையை அடித்துவிடப் போகிறார்கள். மீதி இருக்கும் மூட்டைகளை அரைத்துக் கழிவோடு சேர்த்துவிடுவார்களாம். அவரையும் பழையபடி பக்கத்துக் கூடத்துக்கு, சாதாரண பிளாஸ்டிக் வாளி வார்க்கும் வேலைக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

நான் எதையும் விடவில்லை அக்கா. இருபதையும் ஒழுங்காகத்தானே கழுவினேன்.

*

ஜூன் 24

அடியேய்!

உன் ரெண்டு லெட்டரும் ஒண்ணா வந்து சேர்ந்துச்சு. முதல்ல பஸ் ஸ்டாண்டு கதையைப் படிச்சு அழுதேன். அப்புறம் பல் துலக்குற பிரஷ்ஷைப் படிச்சு, மடிச்ச விரிப்பு மேலயே விழுந்து சிரிச்சேன். சூப்பர்வைசர் என்னமோ ஆயிருச்சுன்னு ஓடி வந்தாரு. அப்புறம் மூணாவது பக்கத்துல அந்த ஆள் சாப்பிடலைன்னு படிச்சதும் சிரிப்பு நின்னு போச்சு.

கழுவினியா? மாவு கலந்த சாமானை சோப்புத் தண்ணில அரை நாள் ஊறப்போட்டு, பிரஷ்ஷால வேற தேச்சியா?

கஞ்சின்னா என்னடி? மாவுதானே. கஞ்சி போட்ட டாக்டர் கோட்டை நான் தண்ணில முக்கினா என்ன ஆகும்? வெறைப்பெல்லாம் போய்த் தொளதொளன்னு ஆயிரும். கஞ்சியும் தண்ணியோட போயிரும். உன் எலும்புலயும் மாவு தண்ணியோட போய், காஞ்சதும் உள்ள ஓட்டை ஓட்டையாகி மளுக்குன்னு போயிருக்கும். எனக்கு உன் பிளாஸ்டிக் தெரியாது, ஆனா மாவும் தண்ணியும் எனக்குத் தெரியும். நீயே மொத லெட்டர்ல எழுதியிருக்க, நாலாம் கலவை மட்டும் தண்ணில இறங்காம விசிறிக்குக் கீழ போகுதுன்னு. ஏன்னு கேக்கலைன்னும் எழுதியிருக்க. ஏன்னு இப்பத் தெரியுதா?

அந்த மனுஷன் உன்னைக் குத்திப் பேசல. தண்ணி காட்டாதேன்னா தண்ணி காட்டாதேன்னுதான்டி அர்த்தம்! தண்ணி! குழாய்ல வருமே, அது! அவருக்கு உன் பள்ளிக்கூடத்தைப் பத்தி என்ன தெரியும், பாவம்.

ஒண்ணு ஒத்துக்கிறேன். அந்த வார்த்தையை உன் காதுல வேற அர்த்தத்துல ஆணி அடிச்சு மாட்டினது நான்தான். பேச்சை நிறுத்துறதுக்கு முன்னாடி அதையேதானே சொல்லிச் சொல்லி அரைச்ச மாவை அரைச்சுக்கிட்டு இருந்தேன். தப்பு உன் பேர்ல பாதி, என் பேர்ல பாதி. பஸ் ஸ்டாண்டுக்கும் அதே கணக்குதான். உன்னைச் சத்தம் போட்டேனே தவிர, ஏன்னு ஒரு தடவை மெதுவாக் கேக்கல.

இப்ப நீ போய் சொல்லணும். முப்பதாம் தேதிக்கு முன்னாடி. வேலையை விட்டு நிறுத்திருவாங்களோன்னு உனக்குப் பயமா இருக்கும், எனக்குத் தெரியும். நிறுத்தினா இங்க வா, என் ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பள்ளிக்கூடத்தைப் பத்தியும் பேச மாட்டேன். ஆனா சொல்லாம மட்டும் இருந்துடாத. வாயால சொல்ல வரலைன்னா சீட்டுல எழுதிக் குடு. உன் கையெழுத்துதான் சத்தமாப் பேசுதே.

அக்கா

(கையிருப்புன்னு அஞ்சு எலும்பு பையில இருக்குன்னு எழுதியிருந்தியே. அதைக் கழுவலையே? கழுவலைன்னு சொல்லு!)

*

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கழுவவில்லை.

உன் லெட்டர் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. வேலை இடம் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என்னால் உட்கார முடியவில்லை. அம்மா, "என்னடி, நெருப்பு மேல நிக்கிற மாதிரி நிக்கிற?" என்றாள். வீட்டிலும் ஒரு சோதனை செய்தேன். பழைய துணி ஒன்றுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்து, நிற்க வைத்தேன். நின்றது. தண்ணீர் தெளித்தேன். படுத்துவிட்டது.

சீட்டைப் பதினோரு தடவை எழுதினேன். கடைசியில் நின்றது இதுதான்: "நாலாம் கலவை எலும்பு இருபதையும் நான் சோப்புத் தண்ணீரில் நான்கு மணி நேரம் ஊறப்போட்டுத் தேய்த்தேன். தண்ணி காட்டாதே என்று சொன்னதை, வேலையில் ஏமாற்றாதே என்று எடுத்துக்கொண்டேன். தப்பு கலவையில் இல்லை. கையிருப்பு ஐந்தும் கழுவாதவை."

இன்று காலை போனபோது நர்சரிக்காரர்கள் முன்பே வந்திருந்தார்கள். ஒரு பெரியவரும் அவருடைய மகளும். மேடம் பட்டியலை விரித்து வைத்திருந்தார். நாலு என்ற எண்ணின் மேல் பென்சில் கோடு விழுந்திருந்தது. கலவைக்காரர் சுவரோரம் கைகட்டி நின்றார். நான் சீட்டைக் கிழிக்கக்கூட இல்லை. புத்தகத்தையே மேடம் முன்னால் வைத்துவிட்டேன்.

மேடம் படித்தார். புத்தகத்தைக் கலவைக்காரரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். என் காதில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அது ஓடவே இல்லை, ஆனாலும் கேட்டது.

"நான் தண்ணி காட்டாதேன்னுதானேம்மா சொன்னேன்?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"பிரஷ்ஷாலயா தேச்ச?"

அதற்கும் தலையாட்டினேன்.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து என் உயிரே போய்விட்டது. பார்த்தால் சிரிக்கிறார். "ரெண்டு வருஷமா இதை யார் யார்கிட்டயோ காப்பாத்தினேன். குளிப்பாட்டிவிட ஒரு ஆள் வரும்னு நினைக்கவே இல்லையே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தப் பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் அவர் காதில் எதையோ சொன்னாள். அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "கேட்டிருக்கலாமே நீ. ஒரு சீட்டு எழுதிக் கேட்டிருக்கலாமே" என்றார். அது வலித்தது. ஆனால் நியாயமாக இருந்தது. அப்புறம் பட்டியலில் பதினொன்று என்ற எண்ணை அவர் அழிக்கவில்லை. பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, அதன் தலையில் "தண்ணி காட்டியது" என்று எழுதினார். அப்போதுதான் அவர் உதடு லேசாகக் கோணியது. அதற்கு அடுத்த கட்டத்தில் "காட்டாதது" என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். "நிக்கிறியே. கையிருப்பை எடு."

பையைப் பிரித்தேன். முதல் எலும்பைத் தாடையில் மாட்டினேன். கழுவவில்லை, துடைக்கக்கூட இல்லை. மேடம் மேசைக்குப் போனார். கலவைக்காரர் எழுந்து என் பின்னால் வந்து நின்றார். இன்னும் என் சீட்டுப் புத்தகம் அவர் கையில்தான் இருந்தது, பிள்ளையின் மார்க் அட்டையைப் பிடித்திருப்பது போல.

மேல் தாடை ஏறியது. பத்து, பதினொன்று. பன்னிரண்டு, பதினைந்து. எலும்பு நீண்டது. பதினெட்டைத் தாண்டியது. இடுப்பில் ஓர் இடம், கடுகு அளவு, வெளுத்தது. பின்னால் அவர், "அப்படித்தான், அப்படித்தான்டா ராஜா" என்று மெதுவாகச் சொல்வது கேட்டது. மெஷினிடமா எலும்பிடமா தெரியவில்லை. வெளுப்பு பரவியது. டக்.

"எவ்வளவு?" என்று மேடம் அங்கிருந்து கேட்டார்.

கை தானாக மேசையில் சீட்டைத் தேடியது. இல்லை. கலவைக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் அறுந்த எலும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். வாய் திறந்தது.

"இருபத்திரண்டு" என்றேன்.

"கேக்கலையேம்மா?" என்றார் அந்தப் பெரியவர்.

"இருபத்திரண்டு!"

பிறகு பைக்குள் கையை விட்டு அடுத்த எலும்பை எடுத்து மாட்டினேன்.